போலீஸ் கேட்டால் எல்லோரும் ஏன் பொய் சொல்கிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

*என் மகள் பிறந்தநாளுக்கு ஃபிரெட்ரிக் பேக்மன் எழுதிய 'ஆங்ஷியஸ் பீப்பிள்' நாவலை வாங்கிக் கொடுத்தாள். "உனக்குப் பிடிச்ச மர்மக் கதைம்மா" என்றாள். பாங்க் கொள்ளை, பிணைக்கைதிகள், போலீஸ் எல்லாம் இருக்கிறது. ஆனால் கொலை இல்லை, சாமர்த்தியமாகத் துப்பறிகிறவர் யாரும் இல்லை. போலீஸ் கேட்கிற கேள்விக்கு ஒருத்தர்கூட ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. வெறுத்துப்போய்ப் பாதியில் மூடிவிட்டேன். இதைப் போய் எப்படி மர்ம நாவல் என்கிறார்கள்?*
— ஒரு வாசகி, பெரம்பூர்

மூடிய புத்தகத்தைத் தயவுசெய்து மறுபடி எடுங்கள் அம்மா. உங்களுக்கு எரிச்சல் வந்த இடத்தில்தான் அந்த நாவலின் உயிர் இருக்கிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன். ஸ்வீடனில் ஒரு சின்ன ஊர், டிசம்பர் 30-ம் தேதி. முகமூடி போட்ட ஒருவர் துப்பாக்கியோடு பாங்குக்குள் நுழைந்து 6,500 குரோனர் கேட்கிறார். லட்சம், கோடி இல்லை. வீட்டு வாடகைக்கு வேண்டிய தொகை. போன இடமோ ரொக்கமே வைத்துக்கொள்ளாத பாங்க். பயந்துபோய் வெளியே ஓடி, கண்ணில் பட்ட கட்டடத்தில் ஏறினால், விற்பனைக்கு இருக்கும் ஒரு ஃப்ளாட்டைப் பார்க்க வந்த கூட்டம் அங்கே நிற்கிறது. துப்பாக்கியைப் பார்த்ததும் அவர்கள் தாங்களாகவே பிணைக்கைதிகள் ஆகிவிடுகிறார்கள். சில மணி நேரம் கழித்து எல்லோரும் பத்திரமாக வெளியே வருகிறார்கள். போலீஸ் உள்ளே போகிறது. தரையில் ரத்தம். ஆளைக் காணோம். விசாரிக்கும் போலீஸ்காரர்கள் இருவரும் அப்பாவும் மகனும். பேக்மன் இதை 2019-ல் ஸ்வீடிஷ் மொழியில் எழுதினார். மறு வருஷம் ஆங்கிலத்தில் வந்தது.

ஆக, மர்மம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஆள் மறைவது மர்மக் கதையின் பழைய, உறுதியான அஸ்திவாரம். அதன்மேல் எழுப்பிய வீடுதான் வேறு மாதிரி இருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் நான் வாடகை நூல்நிலையம் நடத்திய காலத்தில் அலமாரியில் முக்கால்வாசி துப்பறியும் கதைகள்தான். அத்தனையும் படித்ததில் ஒன்று புரிந்தது. ஒரு கொலை நடந்த வீட்டில் பத்துப் பேர் இருந்தால், பொய் சொல்கிறவர் கொலைகாரர் ஒருவர் மட்டும் என்றால், கதை இருபது பக்கம் தாங்காது. மீதி ஒன்பது பேரும் பொய் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லையே, பிறகு எதற்குப் பொய்? வெட்கம். ஒருவர் கடன்காரரைப் பார்க்கப் போயிருப்பார். ஒருவருக்கு வேலை போய் மாதக் கணக்காகியிருக்கும், வீட்டில் சொல்லாமல் தினமும் கிளம்பிக்கொண்டிருப்பார். துப்பறிகிறவர் இந்தப் பொய்களை ஒவ்வொன்றாக உரித்து, 'இவர் இல்லை, இவர் இல்லை' என்று ஒதுக்கிவிட்டுக் குற்றவாளியிடம் போய்ச் சேருவார். ஒதுக்கப்பட்ட அந்த ஒன்பது பேரும் கடைசி அத்தியாயத்தில் சுவரோரம் நிற்பார்கள், வசனம்கூட இருக்காது. பேக்மன் அவர்களைத்தான் நடுக்கூடத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார்.

ரோஜர், அன்னா-லேனா என்று ஒரு வயதான தம்பதி வருகிறார்களே, கவனித்தீர்களா? பழைய ஃப்ளாட்டை வாங்கி, புதுப்பித்து, லாபத்துக்கு விற்று, அடுத்ததற்குப் போவது அவர்கள் வழக்கம். பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ரோஜருக்குப் பெருமை. ஓய்வு பெற்றபின் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை அதுதான். அன்னா-லேனா என்ன செய்கிறார் தெரியுமா? கணவருக்குத் தெரியாமல் ஓர் ஆளைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்து, ஃப்ளாட் பார்க்க வருகிற மற்றவர்களை அருவருத்து ஓட வைக்கிறார். போட்டி குறையும், விலை இறங்கும், கணவர் ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்குவார். இப்போது போலீஸ் அந்த அம்மாவிடம் "அந்த ஆள் அங்கே எதற்கு வந்தார்?" என்று கேட்டால் எப்படி நேராகப் பதில் வரும்? ஒரு வரி உண்மை சொன்னால் கணவரின் பெருமை நொறுங்கிப் போகும்.

ஸாரா என்ற பாங்க் அதிகாரி இன்னொருவர். எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுகிறவர். அவர் கைப்பையில் பத்து வருஷமாகப் பிரிக்காத ஒரு கடிதம் இருக்கிறது. அதை யார் எழுதினார், ஏன் பிரிக்கவில்லை என்பது நீங்கள் மூடிவிட்ட பக்கங்களில்தான் இருக்கிறது. ரோ என்ற பெண் பார்க்கிற ஃப்ளாட்டுக்கெல்லாம் ஒரு குறை கண்டுபிடிக்கிறாள். அவளோடு வந்த அவளுடைய இணை ஜூலியா நிறைமாதக் கர்ப்பிணி. ரோவின் பயம் வீட்டைப் பற்றியது இல்லை, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தான் தகுதியா என்பது.

ஏன் ஃப்ளாட் பார்க்க வந்த கூட்டம்? வேறு எங்கே வைத்திருந்தாலும் இந்தக் கதை இவ்வளவு பலமாக நின்றிருக்காது என்பது என் திடமான எண்ணம். சென்னையில் ஒரு தடவையாவது வீடு தேடி அலைந்தவருக்கு இது சட்டென்று விளங்கும்.

போன வருஷம் என் தம்பிக்காக வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனோம். புரோக்கர் ஒரே நேரத்துக்கு நாலு குடும்பத்தை வரச் சொல்லியிருந்தார். ஒருத்தர் செருப்பைக் கழற்றியதும் நேராகக் குனிந்து, வாசல் பக்கத்துச் சுவரின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். 2015 டிசம்பர் வெள்ளம் எது வரைக்கும் ஏறியது என்று புது பெயின்ட்டுக்கு அடியில் தேடுகிறார். "இந்தத் தெருவுக்குத் தண்ணியே வரலை சார்" என்று புரோக்கர் அவரிடம் சொன்னார், பிறகு எங்களிடம் சொன்னார், பிறகு இன்னொருவரிடமும் சொன்னார். ஒரு சின்ன வயசுப் பெண் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினாள். "மெட்ரோ வாட்டரா, லாரியா?" என்று அவள் கேட்டபோது அவள் கணவன் பால்கனியில் முதுகைக் காட்டி நின்று போனில் ஈ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மகன், மருமகள், பேத்தியோடு வந்த ஒரு பெரியம்மா இரண்டு படுக்கையறையையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஹாலுக்கு வந்து, "இங்க ஒரு திவான் போட இடம் இருக்குமாப்பா?" என்று மகனிடம் கேட்டார். மகன் யு.டி.எஸ். (ஃப்ளாட்டோடு சேர்த்து வரும் மனைப் பங்கு) எவ்வளவு வருகிறது என்று புரோக்கரிடம் கேட்கப் போய்விட்டான்.

அந்த நிமிஷம் ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து, பிறகு போலீஸ் வந்து அந்தப் பெரியம்மாவிடம் "அங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "பையனோட வீடு பாக்க வந்தேன் சார்." அவ்வளவுதான் சொல்லியிருப்பார். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. நாவல் எழுதுகிறவருக்கு எல்லாமே இருக்கிறது.

இன்னொன்று. பிணைக்கைதிகள் கொள்ளையர் பக்கம் சாய்வது உங்களுக்குச் செயற்கையாகப் பட்டிருக்கலாம். ஸ்டாக்ஹோமில் 1973 ஆகஸ்டில் ஒரு பாங்கில் நான்கு ஊழியர்களை ஆறு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் நாட்டின் பிரதமரிடமே தொலைபேசியில், தனக்குப் போலீஸைக் கண்டால்தான் பயம், பிடித்து வைத்திருப்பவர்களைக் கண்டு இல்லை என்ற பொருளில் வாதாடினார். 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். பேக்மன் தன் நாட்டின் அந்த ஞாபகத்தை மனதில் வைத்தே எழுதுகிறார்.

குறை இல்லாத நாவல் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் அடிக்கடி குறுக்கே வந்து வாழ்க்கையைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார். எனக்கும் அது பிடிக்கவில்லை. அந்தப் பாராக்களைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் விட்டுப்போகாது. விசாரணைப் பக்கங்களை மட்டும் தாண்டாதீர்கள்.

*நெட்ஃப்ளிக்ஸில் இது தொடராக இருக்கிறதாமே, அதைப் பார்த்தால் போதாதா?*
— ஒரு வாசகர், அடையாறு

2021-ல் வந்தது, ஸ்வீடிஷ் மொழியில் ஆறு எபிசோட். புத்தகத்தைப் படித்த பிறகு பாருங்கள். ஆசிரியர் நம் கண் முன்னாலேயே ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறார். எழுத்தில் மட்டுமே அவ்வளவு சுலபமாக மறைக்கக்கூடிய விஷயம் அது. தொடரை முதலில் பார்த்தால் அந்த அனுபவம் உங்களுக்குக் கிடைக்காது.

*குற்றத்தைவிட மனிதர்களின் பயத்தையும் பலவீனத்தையும் பேசுகிற மர்மக் கதை தமிழில் உண்டா?*
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

நம்மிடம் ரொம்ப காலமாகவே உண்டு. தேவனின் துப்பறியும் சாம்பு 1940-களில் ஆனந்த விகடனில் வந்து வீட்டுக்கு வீடு பெயர் வாங்கியவர். நகைச்சுவைக் கதை என்று ஒதுக்கிவிட்டோம். சாம்பு யார்? பாங்க் குமாஸ்தா. அசடு என்று எல்லோரும் முடிவு கட்டிய மனிதர். பயந்து ஒதுங்குகிற இடத்தில் திருடன் அகப்படுவான், உளறியது துப்பாகிவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அவரை மேதை என்று மனதார நம்புகிறார். தன்மேல் விழுந்த புகழ் எப்படி விழுந்தது என்று தனக்கே சரியாகத் தெரியாத ஒரு மனிதரை வைத்து தேவன் அத்தனை கதைகள் எழுதினார். ஆபீஸில் பாராட்டு வாங்கிய அன்று ராத்திரி, 'அடுத்த தடவை மாட்டிக்கொள்வோம்' என்று பயந்து புரண்டு படுத்திருப்பவர்கள் சாம்புவை இன்னொரு தரம் படிக்க வேண்டும்.

சினிமாவில் 'அந்த நாள்'. 1954, ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு ஒன்றுகூட இல்லாத தமிழ்ப் படம். நம் ஊர்க் கதை: 1943-ல் ஜப்பான் விமானம் சென்னைமேல் குண்டு போட்ட சமயம், ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, இறந்தவரின் மனைவி என்று சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவர்மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். அப்படித் திருப்பும்போது சொந்த வீட்டின் சொத்துத் தகராறு, மனக்கசப்பு எல்லாம் வாயிலிருந்து விழுகின்றன. சுட்டது யார் என்று தெரிந்துகொண்டே இன்று இந்தப் படத்தைப் பார்க்கலாம், ஒரு குறையும் தெரியாது. அந்த முகங்களுக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மாத நாவல்களையும் இந்த இடத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய அந்த நாவல்களில் வேகம்தான் பிரதானம். ஆனால் அவசர அவசரமாக எழுதப்பட்ட அந்தப் பக்கங்களிலும் வரதட்சணைப் பாக்கிக்குப் பயந்த அப்பாக்கள், ஆபீஸ் பணத்தில் கை வைத்துவிட்டு வேர்த்து நின்ற கேஷியர்கள் நிறையப் பேர் உண்டு.

*மர்மக் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம் எனக்கு. தப்பா?*
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

தப்பே இல்லை. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-ல் வந்தது. கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு நூற்றுக்கணக்கான பக்கம் மூச்சு விடாமல் படிக்கிறோம்.

எங்கள் நூல்நிலையத்துக்கு வருகிறவர்களில் பலர், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போய்விடாமல் இருக்க, ஏதாவது ஒரு பக்கத்து மூலையில் பென்சிலால் சின்னதாக அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் புள்ளிக் கோலம் மாதிரி மூன்று புள்ளி. ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் அம்மா தன் அடையாளம் இருக்கிற புத்தகத்தையே தேடி எடுப்பார். "யார்னு தெரிஞ்சாச்சு, இனிமே நிதானமாப் படிக்கலாம்" என்பார்.

*ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஐ.டி. வேலை, எப்போது எடுத்துவிடுவார்களோ என்ற பயம். வீட்டுக் கடன் வேறு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. க்ரைம் கதை படிக்கும்போது மட்டும் அடங்குகிறது. "கண்டதைப் படிச்சா இப்படித்தான்" என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடவா?*
— பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

படிப்பதை விடாதீர்கள். படபடப்புக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. க்ரைம் கதையில் வருகிற பயத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. யாரோ ஒருவர் கேள்வி கேட்கிறார், பதில் தேடுகிறார், கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. இருபது வருஷக் கடன் என்றால் 240 தவணை. அந்தப் பயத்துக்குக் கடைசிப் பக்கம் கண்ணுக்கே தெரிவதில்லை. அதனால்தான் மனசு புத்தகத்துக்குள் போய் ஒதுங்குகிறது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

ஆனால் தம்பி, ஒதுங்குவது மட்டும் போதாது. மேலே சொன்ன நாவலில் ஸாரா ஒரு மனநல நிபுணரிடம் போகிறார். தூக்க மாத்திரை வேண்டும் என்றுதான் போகிறார். தன் பயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி போகிறார். அந்த மறுபடி போவதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்த சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், பரிசோதனையில் தெரிந்துவிடும். பிறகு மனநல மருத்துவர்.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. "கீழ்ப்பாக்கத்துக்குப் போ" என்பதைச் சினிமாவிலும் வீட்டிலும் வசவாகப் பழக்கிவிட்டோம். எனக்கு அதைக் கேட்டால் இன்றும் கோபம் வரும். 1794-ல் தொடங்கிய, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊருக்கு வைத்தியம் பார்க்கிற அரசு மனநல ஆஸ்பத்திரி அது. தூக்கம் வராதவர்கள், பதற்றம் தாங்காதவர்கள், உங்களையும் என்னையும் போன்றவர்கள் அங்கே புறநோயாளியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒரு கணம் வந்தால்கூடக் காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். அப்படித் தவிப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதற்காகவே சென்னையில் 1986-லிருந்து 'ஸ்னேகா' அமைப்பும் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கோ அம்மாவுக்கோ வேலை பயம் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால், இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

*மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைக்களம் தாம்பரம் – பீச் மின்சார ரயில். முடிச்சு பலமாக இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் ஆட்கள் எல்லோரும் அட்டையில் வெட்டி நிறுத்தியது போல இருக்கிறார்களாம். என்ன செய்வது?*
— ஓர் இளைஞர், குரோம்பேட்டை

முடிச்சைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். உங்கள் ரயில் பெட்டியில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு பொய்யைக் கொடுங்கள். அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்றும் எழுதி வையுங்கள். மாம்பலத்தில் இறங்க வேண்டியவர் ஏன் கோட்டை வரை போனார்? அடகு வைத்த வளையலை மீட்கப் போயிருக்கலாம், மனைவிக்குத் தெரியக் கூடாது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போகிற பெண்ணுக்கு என்ன பயம்? அது உங்கள் கொலைக்கு உதவாது, பரவாயில்லை. இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது அவள் அதை மறைக்கப் பார்ப்பாள். அங்கே அவள் ஆளாகிவிடுவாள்.

இன்ஸ்பெக்டரையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கும் வீட்டில் ஒரு கவலை இருக்கட்டும். பேக்மன் நாவலில் அந்த அப்பாவும் மகனும் விசாரணை நடத்துகிற நேரத்திலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் எதையோ ஒளிக்கிறார்கள். கேள்வி கேட்கிறவருக்கும் ஒளிக்க ஒன்று இருந்தால், பதில் சொல்கிறவரை அவர் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

முதல் மூன்று அத்தியாயத்தைத் திருத்தி எழுதியதும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் படிக்கிறேன்.